இரண்டு பூவம்மா, ஒரே வரி

அத்தியாயம் பதினேழு

போன வாரம் கம்சலாவைப் பதுளை வீட்டு மாடியறையில், காதில் போனோடு அப்படியே விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவளும் அசையாமல் அங்கேயேதான் நிற்கிறாள். போனில் பூவம்மா சின்னம்மா.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ஆட்களை எடுத்து, வேறிடத்தில் வீடு கட்டிக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் கம்சலாவுக்கு வேலை. கல்லும் மண்ணும் தொடுகிற வேலை இல்லை. யார் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் அடங்கிய டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அதற்குள் முப்பத்தெட்டாயிரம் பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு வரி.

அம்மா போனபிறகு அவளையும் அண்ணன் ரமணனையும் வளர்த்து ஆளாக்கியது இந்தப் பூவம்மா சின்னம்மாதான். வெள்ளைப்பாறைத் தோட்டத்து மேல் பிரிவில், அங்குள்ளவர்கள் பேச்சில் மேக்கணக்கில், மூன்றாம் லயத்தில், சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுந்த ஒற்றையறைக் காம்பராவில் அவள் இன்னும் தனியாக இருக்கிறாள். பதுளைக்கு வந்துவிடு என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் வரமாட்டாள். “ஆயுசு பூரா கம்பெனி காம்பராவுலயே இருந்தாச்சு. இனிமே எம்பேருல ஒரு கதவு வந்தா அதுக்குள்ள போறேன், இல்லாட்டி இங்கயே கெடக்குறேன்” என்பாள்.

அந்தக் கதவு இன்றைக்கு வருவதாக இருந்தது.

“பட்டியல் ஒட்டிட்டாங்க கண்ணு, வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுக்களத்துல. நாப்பது பேரு. பூவம்மா, மேக்கணக்குன்னு போட்டிருக்கு. நான் சந்தோசமா நிக்கிறேன். பக்கத்துல ஏழாம் லயத்துப் பூவம்மா நிக்குது. அதுவும் சந்தோசமாத்தான் நிக்குது.”

“ரெண்டு பேருக்குமா சின்னம்மா?”

“பேரு ஒண்ணுதான்டி இருக்கு. ஆளு ரெண்டு. பட்டியல் கொண்டாந்த ஐயா வந்து பாத்துட்டு, இது ஏழாம் லயத்து ஆளுன்னுட்டாரு. எனக்கு இல்லையாம். பட்டியல்ல நான் எப்பவும் இருந்ததே இல்லையாம்.”

“போன வருசம் வந்து எழுதிட்டுப் போனாங்களே?”

“எழுதினாங்க, சுவத்தைக்கூட போட்டோ பிடிச்சாங்க. இப்ப கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லங்கிறாங்க. நான் அவங்க மூஞ்சிக்கு முன்னாலதான்டி நின்னுக்கிட்டு இருக்கேன்!”

சின்னம்மா சிரித்தாள். சிரித்து முடிக்கையில் குரல் கொஞ்சம் தடுமாறியது.

“மூணு மணி வரைக்கும் டைம் இருக்காம். அதுக்குள்ள ஏதும் சொல்றதுன்னா சொல்லணுமாம். அப்புறம் கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்களாம். நீ அங்கதானே வேல செய்ற? ஒருக்கா நல்லாத் தேடிப் பாரு கண்ணு.”

கம்சலா போனை வைத்துவிட்டு மேசைமேல் இருந்த மடிக்கணினியில் தேடினாள். பெயர் பூவம்மா. பிறந்த தேதி 1961 ஜனவரி ஒன்று. வெள்ளைப்பாறைத் தோட்டம், மேல் பிரிவு. ஒரே ஒரு வரிதான் வந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், ஏழாம் லயம், நான்காம் காம்பரா என்று இருந்தது. மூன்றாம் லயத்துப் பூவம்மா எங்கேயும் இல்லை.

தேடியபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மார்ச் மாதம் நடந்தது அது. எந்தத் தோட்டத்துப் பட்டியலைக் கேட்டாலும் திரையில் வர நாற்பத்தேழு விநாடி ஆகிக்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து உதவி செய்கிறவர்கள் பார்க்க வருகிறார்கள், அவர்கள் முன்னால் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்க முடியாது என்று மேலாளர் தலைக்குமேல் நின்றார். கம்சலா ஆராய்ந்து பார்த்தாள். ஒரு பெயரைக் கண்டுபிடிக்க அந்த டேட்டாபேஸ் ஒவ்வொரு தடவையும் முப்பத்தெட்டாயிரம் வரியையும் தலையிலிருந்து கால்வரை வாசித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஒரு அட்டவணை இருக்குமே, அதைப் போல இண்டெக்ஸ் ஒன்று போட்டுவிட்டால் நேராகப் போய் எடுத்துவிடும்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவளுக்குத் திருத்தமாகச் செய்யவேண்டும் என்று ஒரு ஆசை. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகாமல் பூட்டுகிற மாதிரியான இண்டெக்ஸையே போடுவோம் என்று நினைத்தாள். பெயர், பிறந்த தேதி, பிரிவு. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தானே? பூட்டு விழ மறுத்தது. அப்படி இரண்டாம் தடவையாக வருகிற நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்றது. கணக்கெடுக்கப் போனவர்கள் கவனமில்லாமல் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, பிந்தி வந்ததை வைத்துக்கொண்டு முந்தியதையெல்லாம் அழித்துவிட்டாள்.

நாற்பத்தேழு விநாடி, ஒரு விநாடிக்குள் வந்தது. மேலாளர் கேக் வாங்கி வந்து வெட்டினார்.

இப்போது என் ஆதங்கத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குத் தேதியை யார் குறித்து வைத்தார்கள்? பிற்காலத்தில் பதிவுக்குப் போய் நிற்கும்போது கிளாக்கர் ஐயா கேட்பார், இவர்கள் முழிப்பார்கள், அவர் ஜனவரி ஒன்று என்று போட்டு அனுப்பிவிடுவார். வருசமும் ஒரு குத்துமதிப்புத்தான். விலாசம் என்று கேட்டால் தோட்டத்துப் பெயரும் பிரிவும். காம்பராவுக்குத் தனி விலாசம் ஏது? அடையாள அட்டை எண்ணைக் கணக்கெடுக்க வந்தவர்கள் பாதிப் பேருக்கு எழுதவே இல்லை. பூவம்மா என்ற பெயரோ பிரிவுக்கு இரண்டு மூன்று கிடைக்கும்.

கம்சலாவுக்கு இதெல்லாம் தெரியாதா? செத்துப்போன அவளுடைய அம்மாவுக்கே ஜனவரி ஒன்றுதான் பிறந்தநாள். கொழும்பில் பிறந்த யாரோ ஒருத்தி செய்திருந்தால், விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விட்டுவிடலாம். லயத்தில் பிறந்தவள் செய்தாள் என்பதுதான் எனக்கே பொறுக்கவில்லை.

அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு நாளும் டேட்டாபேஸின் நகல் ஒன்று சேமிக்கப்படும். முன்பெல்லாம் ஆறு மாத நகல்கள் இருந்தன. ஏப்ரலில் இடம் போதவில்லை என்று அதை முப்பது நாளாகக் குறைத்தவள் யார் தெரியுமா? அவளேதான். இப்போது செப்டெம்பர் கடைசி. மார்ச் மாதத்து நகல் எதுவும் மிச்சமில்லை.

சின்னம்மாவின் விவரத்தைப் புதிதாக ஒரு வரியாக எழுதிச் சேர்க்கப் பார்த்தாள். இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று திரையில் விழுந்தது. இரண்டாம் தடவை முயன்றாள். அதே பதில்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ரமணன் வந்தான். வெலிமடையிலிருந்து பதுளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி அவனுடையது. ஏழு மாதமாகத் தங்கச்சியோடு சாப்பாட்டு மேசையில்கூட முகம் கொடுத்துப் பேசாதவன். ஏன் என்பது நம் பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதியவர்களுக்கு இப்போது தெரிந்துவிடும்.

“சின்னம்மா எனக்கும் கோல் எடுத்துச்சு. என்ன நடந்துச்சு?”

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. ரமணன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“இப்ப சேக்க முடியாதா?”

“பேரும் தேதியும் ஒண்ணா இருக்கிறதால ஏத்துக்க மாட்டேங்குது அண்ணே.”

“அப்ப தேதிய மாத்து. ஜனவரி ரெண்டுன்னு போடு. எடுக்குமா எடுக்காதா?”

“எடுக்கும்.”

“அப்புறம் என்ன யோசன? போடு! ஒரு நாள் முன்னப்பின்ன ஆனதால சின்னம்மாவுக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?”

அவன் சொல்லுமுன்பே அவளுக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. ஒரே ஒரு இலக்கம். அரை நிமிட வேலை. சின்னம்மாவின் சுவருக்கு அபாயப் புள்ளி அதிகம், சேர்த்த கையோடு பட்டியலில் மேலே வந்துவிடுவாள். யாருக்கும் தெரியாது.

“சின்னம்மா உள்ள வந்தா நாப்பதாவது ஆளு வெளிய போயிடும் அண்ணே. இதுவரைக்கும் ஒழுங்கா இருந்த ஒரு ஆளு. அதுவுமில்லாம சின்னம்மா ஒரு ஆளுதான். நான் அழிச்சது நானூத்திப் பன்னெண்டு பேரை.”

“அவங்கள்லாம் யாரு?”

“அதுதான் தெரியல. அழிச்சாச்சே.”

ரமணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். கீழே பஸ்தரிப்பிடத்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கம்சலா அந்தப் பெயரை எடுத்தாள்.

“பர்ஹான் நானாகிட்ட ஒரு முழு நகல் இருந்துச்சு.”

ரமணன் ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

“இருந்துச்சு. அதுக்காகத்தானே அவனைத் தொரத்திவிட்டே?”

அவள் மடிக்கணினியை மூடினாள்.

“வண்டில ஏறு” என்று எழுந்தான்.

பர்ஹான் ரமணனோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து படித்தவன்; அதனால் கம்சலாவுக்கு அவன் நானா, அண்ணன் முறை. கம்சலாவை அந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டு, டேட்டாபேஸ் என்றால் என்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். எதைத் தொடுவதற்கு முன்னும் முழுசாக ஒரு நகல் எடுத்து, தன் சொந்த மடிக்கணினியில் வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பான். சரியாக வந்தால்தான் உண்மையான இடத்தில் கை வைப்பான். சனங்களின் விவரத்தைச் சொந்தக் கணினியில் வைத்திருப்பது நிறுவனத்தின் விதிக்கு மாறானது. பெப்ரவரியில் அதை மேலாளருக்கு எழுதியது கம்சலா. விதி விதிதானே என்று அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே காலியாக இருந்த தலைமைப் பதவிக்கு இரண்டு பேர் பெயர்தான் அடிபட்டது என்பதையும், அதில் ஒன்று அவளுடையது என்பதையும் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் பர்ஹான் வேலை போய் வீட்டுக்குப் போனான். அடுத்த மாதமே பதவி அவளுக்கு வந்தது.

லொறி ஹாலிஎல ஊரைத் தாண்டியது. வெறும் மரக்கறிப் பெட்டிகள் பின்னால் குலுங்கிக்கொண்டு வந்தன. மலைக்குமேல் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது.

“இன்னும் மூணு கெழமையில பெரிய மழை பிடிச்சிரும்” என்றான் ரமணன், ரோட்டைப் பார்த்தபடி.

“தெரியும்.”

“அவன் வேலை போன அன்னைக்கு எனக்குத்தான் முதல்ல கோல் எடுத்தான். ஒன்னப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசல. எழுதினது நீதான்னு மேலாளர் ஒபிஸ்ல இருந்த வேற ஆளு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுதான் கம்சலா எனக்குத் தாங்கல.”

“மன்னிப்புக் கேக்கணும்னு எத்தனையோ தடவ நெனச்சேன் அண்ணே.”

“நெனச்சியா?”

“நம்பர் எடுத்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். என்னத்தைச் சொல்லித் தொடங்குறதுன்னு தெரியாது.”

ரமணன் கியரை மாற்றினான். “இன்னைக்கும் மன்னிப்புக் கேக்கவா போறே? ஒனக்கு அந்த நகல் வேணும். அதுக்குப் போறே” என்றான். அடித்துச் சொன்னான் என்றில்லை, உள்ளதைச் சொன்னான். அவளுக்குக் கண் கலங்கியது. எட்டம்பிட்டிய வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

வெலிமடையில் ஒரு விதை உருளைக்கிழங்குக் கடையின் பின்னறையில் பர்ஹான் இருந்தான். மூட்டைகளுக்கு நடுவே ஒரு மேசை, அதன்மேல் ஒரு பழைய கணினி. எந்த விவசாயிக்கு எந்த ரகம் போனது என்று பதிகிற வேலை. ஆள் மெலிந்திருந்தான். ரமணனைக் கண்டதும் “வா மச்சான்” என்று எழுந்தவன், பின்னால் வந்தவளைக் கண்டு ஒரு கணம் நின்றான்.

“வாங்க, இருங்க” என்றான் அவளைப் பார்த்து. எட்டு வருசமாக அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டு வந்தான்.

பாலில்லாத ப்ளேன்டீ வந்தது. அது ஆறும்வரை கம்சலா நடந்ததைச் சொன்னாள். பர்ஹான் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டான்.

“இண்டெக்ஸ் போட்டீங்க, சரி. அதை யுனீக்கா, பூட்டு வச்சுப் போடச் சொல்லி யார் கேட்டாங்க?”

“யாரும் கேக்கல நானா. நல்லதுன்னு நெனச்சேன்.”

“சாதாரண இண்டெக்ஸ் ஒண்ணு போட்டிருந்தா ஒரு வரிகூட அழிக்கத் தேவையில்ல. அதே வேகம்தான் வந்திருக்கும். முப்பத்தெட்டாயிரத்துல நானூறு கொறஞ்சா என்ன நேரம் கொறையப்போகுது? வேகம் வந்தது இண்டெக்ஸால. அழிச்சது சும்மா.”

கம்சலாவுக்கு இது உறைக்க நேரம் எடுத்தது. இரண்டையும் ஒரே நாளில் செய்ததால், எது பலன் கொடுத்தது என்று அவள் பார்க்கவே இல்லை. அழித்ததற்கும் சேர்த்துத்தான் கேக் வெட்டினார்கள் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“குறிப்புக் கட்டத்துல லயம், காம்பரா எல்லாம் எழுத வச்சிருந்தேனே, பாக்கலையா?”

“அதுல கண்டதையும் எழுதுவாங்கன்னு விட்டுட்டேன்.”

“கண்டதையும்தான் எழுதினாங்க. அதுலதான் அந்த சனங்க வேற வேற ஆளா இருந்தாங்க.” குரலை அவன் உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நான் அங்க இருந்திருந்தா ஒரு தடவ கேட்டிருப்பீங்க.”

“கேட்டிருப்பேன் நானா.”

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. அழுதாள். பர்ஹான் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான், கடைக்கு வந்தவர்கள் பார்க்கவேண்டாம் என்று. ரமணன் மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் செஞ்சது பிழை. விதின்னு சொல்லிக்கிட்டேன், ஆனா விதிக்காகச் செய்யல. அந்தப் பதவி எனக்கு வேணும்னு இருந்துச்சு. ஒங்ககிட்ட முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். இன்னைக்குத் தேவைக்கு வந்து நிக்கிறேன், வெக்கமா இருக்கு.”

“விதி சரிதானே கம்சலா. நான் அப்படி வச்சிருந்திருக்கக் கூடாது” என்றான் பர்ஹான். பிறகு மெதுவாக, “எனக்கு ஒங்கமேல கோவம் போகல. போயிட்டுதுன்னு சொன்னா பொய். உம்மா இன்னும் பெத்த மகன் என்னோட சரியாப் பேசுறதில்ல, நான் ஏதோ திருடிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க” என்றான்.

“உம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்.”

பர்ஹான் தேநீர்க் கோப்பைகளை எடுத்து ஓரமாக வைத்தான்.

சுவர்க்கடிகாரம் இரண்டே காலைக் காட்டியது. ரமணன்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டான். “மச்சான், அந்த நகல் இருக்கா இல்லையா?”

“இல்ல.”

“இல்லையா?”

“ஒன் தங்கச்சி எழுதின கடிதத்தைத்தான் எனக்கு வாசிச்சுக் காட்டினாங்க. உடனடியா, திரும்ப எடுக்க முடியாத மாதிரி அழிக்கணும்னு அதுல இருந்துச்சு. ரெண்டு பேரைச் சாட்சிக்கு வச்சு அழிச்சேன். நான் அரைகொறையா ஒரு வேலையும் செய்றதில்லையே.”

அறையில் கிழங்கு வாசனையும் ஈர மண் வாசனையும் நிறைந்திருந்தது. கம்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வந்த காரியம் இல்லை என்றாகிவிட்டது. அழுவதற்குக்கூட இனி நேரமில்லை.

“வீடு வீடாப் போய் எழுதின பேப்பர்?” என்று கேட்டான் ரமணன்.

“கணினியில ஏத்தின பிறகு அதெல்லாம் கோணிப்பையில கட்டிப் போட்டாங்க. எங்க போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் இருக்கும்” என்றான் பர்ஹான். “ஆனா தேடி எடுக்க மாசக்கணக்கா போகும். இன்னைக்கு மூணு மணிக்கு முந்தி நடக்கக்கூடியது ஒண்ணுதான். டேட்டாபேஸுக்குப் பொறுப்பான ஆளு, இந்தப் பட்டியலை நம்பக்கூடாதுன்னு எழுத்துல குடுக்கணும். அப்படிக் குடுத்தா கையெழுத்துப் போட முடியாது.”

பொறுப்பான ஆள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

“கொஞ்சம் பொறு” என்று ரமணன் எழுந்தான். “கையெழுத்து நின்னா சின்னம்மாவுக்கு மட்டுமா நிக்கும்? நாப்பது குடும்பத்துக்கும் சாவி நிக்கும். மழை வருது. அந்தச் சனம் இன்னும் அந்த லயத்துலதான் படுக்கணும். நீ யோசிச்சியா?”

“யோசிச்சேன் அண்ணே.”

“பேசாம தேதிய மாத்தி சின்னம்மாவைச் சேத்துடு. இந்த நாப்பதும் போகட்டும். மத்தவங்களுக்கு அடுத்த தடவ பாப்போம்.”

“அடுத்த தடவ எப்படி அண்ணே பாக்கிறது? அவங்க இல்லைன்னு யாருக்கும் தெரியாதே. சின்னம்மாவுக்கு நான் இருந்தேன், எனக்குக் கோல் எடுத்துச்சு. மத்தவங்க யாருக்கு எடுப்பாங்க?”

ரமணன் பர்ஹானைப் பார்த்தான், அவனாவது தன் பக்கம் பேசுவான் என்று. பர்ஹான் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

விசைப்பலகையில் எழுத்து தெரியாத அளவுக்குக் கிழங்குத் தூசு. கம்சலா முந்தானையால் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். மார்ச் மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரத்தை அழித்தது நான். அவர்கள் இரட்டிப்பாக எழுதப்பட்டவர்கள் என்று தவறாக எண்ணினேன். அவர்களில் பலர் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். குறைந்தது ஒருவர் அப்படி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அவர் என் சின்னம்மா. ஆகவே அவர் பெயரை நானாகச் சேர்க்கவில்லை. இந்தத் தரவிலிருந்து எடுத்த எந்தப் பட்டியலிலும் கையெழுத்திட வேண்டாம். பெப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட பர்ஹான் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்ற வரியையும் எழுதினாள். பர்ஹான் அந்த வரியை எடுக்கச் சொன்னான். அவள் எடுக்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மேலாளருக்கு அனுப்பினாள். வேலை போய்விடும் என்பது தெரிந்ததுதான். அதைவிட அந்த நாற்பது வீட்டுக் கதவுகள்தான் மனசை அறுத்தன. செய்தது சரியா என்று அவளைக் கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. வேறு எதையும் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

லொறியில் ஏறும்போது பர்ஹான் வாசல்வரை வந்தான். “உம்மா வெள்ளிக்கெழம வீட்டுலதான் இருப்பாங்க” என்றான். கம்சலா தலையாட்டினாள். முதல் துளிகள் கண்ணாடியில் விழ ஆரம்பித்தன.

வெலிமடைச் சந்தியைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார்கள், போன் அடித்தது. சின்னம்மா. பின்னால் பெரட்டுக்களத்தின் இரைச்சல்.

“கம்சலா! கேளுடி. நானும் ஏழாம் லயத்துப் பூவம்மாவும் ஒரு முடிவுக்கு வந்தோம் தெரியுமா? அது பாவம்டி, மருமகளும் ரெண்டு பேரப்பிள்ளைங்களும் வேற. எதுக்கு அடிச்சுக்கணும்? வாடி ஒரே வீட்டுல இருப்போம்னுட்டேன். முன்பக்கத்து அறை எனக்கு, மத்ததெல்லாம் அதுக்கு. ஐயாகிட்ட கேட்டோம். நீங்களா ஒத்துக்கிட்டா ரெண்டு பேரையும் எழுதிடுறேன்னு சொல்லிட்டாரு. கதவுல ரெண்டு பேரும் இருக்குமாம்!”

கம்சலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எப்ப சின்னம்மா?”

“ரெண்டரை மணிக்கே முடிவு பண்ணிட்டோம். அந்த ஐயா பேனாவை எடுத்து எழுதப் போறாரு, ஒரு கோல் வந்துச்சு. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டாங்களாம். நாப்பது வீட்டையும்! ஒங்க ஒபிஸ்ல யாரோ ஒரு ஆளு கடிதம் எழுதிக் கெடுத்துட்டானாம். இங்க பொம்பளைங்க எல்லாம் அழுவுது. கீழ்லயத்துக்காரன் பெட்டியெல்லாம் கட்டி வச்சுட்டான்டி, இப்ப அவுக்குறான்.”

ரமணன் லொறியை ஓரம் கட்டி நிறுத்தினான். சின்னம்மாவின் குரல் அவனுக்கும் நன்றாகக் கேட்டது.

“யாருடி அந்தப் பாவி? ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே. நீ அங்கதானே வேல செய்ற?”

ரமணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். இன்றைக்கு வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிக்கொள்வோம் என்று கையைக் காட்டினான்.

“சின்னம்மா” என்றாள் கம்சலா. “எழுதினது நான்தான். ஒங்களை அழிச்சதும் நான்தான்.”

போன் துண்டிக்கப்படவில்லை. யாரோ யாரையோ ஏசுவதும், ஒரு குழந்தை வீரிடுவதும், தகரத்தில் மழை விழுவதும் கேட்டன. பிறகு பக்கத்திலிருந்து வேறொரு பெண்குரல் வந்தது. அது ஏழாம் லயத்துப் பூவம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

“என்னவாம் அக்கா? யாருன்னு சொன்னாளா ஒங்க மக?”

“இல்லடி” என்றாள் சின்னம்மா. “அவளுக்கு ஒண்ணும் தெரியாதாம்.”

போன் வைக்கப்பட்டது.